ஆட்டக்காரர் இல்லாத பாத்திரங்கள்: என்.பி.சி. ஆக்கம் பற்றிய அரை நூற்றாண்டு விவாதம்

கேள்வியும் அதன் எல்லையும்

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடப்படும் மாயப்புனைவுப் பாத்திர ஏற்பு விளையாட்டில் ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஒரு பாத்திரத்தை ஏற்கிறார். மற்ற எல்லாரையும், அதாவது சத்திரக்காரர், காவலர், கொள்ளைக்கூட்டத் தலைவன், சூனியக்காரி, அரசர் ஆகியோரை, கேம் மாஸ்டர் எனப்படும் ஆட்ட நடத்துநர் ஒருவரே பேசி நடத்துகிறார். இவர்கள் ‘என்.பி.சி.’ எனப்படுகிறார்கள். பதிப்பகங்கள் வெளியிடும் சாகச ஏடுகளில் ஆயத்த என்.பி.சி.க்கள் ஏராளமாக உண்டு. ஆனால் தொடர்ந்து ஆடும் குழுக்கள் பெரும்பாலும் தங்கள் கதைக்கேற்ற என்.பி.சி.க்களைத் தாங்களே உருவாக்குகின்றன. அப்போது எழும் முதல் கேள்வி பழையது: இந்தப் பாத்திரங்களை ஆட்டக்காரரின் பாத்திரங்களுக்குரிய அதே விதிகளால் அமைக்க வேண்டுமா, அல்லது அவர்களுக்கெனத் தனி விதி போதுமா?

வெளிப்பார்வைக்கு இது கணக்கு வேலை பற்றிய கேள்வி. ஆனால் அதற்கான விடையைப் பொறுத்தே நடத்துநரின் தயாரிப்பு நேரம், சண்டையின் சமநிலை, கற்பனை உலகின் நம்பகத்தன்மை, ஆட்டக்காரருக்கும் நடத்துநருக்கும் இடையிலான அதிகாரப் பங்கீடு ஆகியவை மாறுகின்றன. 1974 முதல் இன்றுவரை வெளிவந்த முக்கிய ஆட்டங்கள் இதற்கு ஒன்றுக்கொன்று முரணான விடைகளைத் தந்துள்ளன. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தின் பதிப்புகளே தமக்குள் முரண்படுவதால் இக்கட்டுரை அதை மையமாகக் கொண்டு, மற்ற ஆட்டங்களைத் தேவைக்கேற்ப எடுத்துக்கொள்கிறது.

என்.பி.சி. ஒருவரை உருவாக்குவதில் இரண்டு வேலைகள் அடங்கியுள்ளன. கவசம், உயிர்ப்புள்ளி, தாக்கும் திறன், மந்திரங்கள் ஆகியவற்றைக் கொண்ட எண்குறிப்பை அமைப்பது ஒன்று. அந்த ஆள் எதை விரும்புகிறார், எப்படிப் பேசுகிறார், எப்போது பின்வாங்குவார் என்று தீர்மானிப்பது மற்றொன்று. இந்த விவாதம் பல தருணங்களில் குழம்பியதற்குக் காரணம், இவ்விரண்டையும் ஒரே வேலையாகக் கருதியதுதான்.

தொடக்கம்: காலியான இருக்கைகள்

என்.பி.சி.யின் முன்வரலாறு போர் விளையாட்டில் இருக்கிறது. 1969-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் டேவிட் வெஸ்லி, பிராவ்ன்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மானிய நகரத்தில் நடக்கும் நெப்போலியன் காலப் போர் விளையாட்டு ஒன்றை நடத்தினார். படைத்தலைவர்களின் பொறுப்பு மட்டுமன்றி, நகரின் மேயர், வங்கியாளர் போன்றோரின் பொறுப்பும் அதில் ஆட்டக்காரர்களுக்கே தரப்பட்டது. ஊராரும் ஆட்டக்காரர்களாகவே இருந்ததால் என்.பி.சி.க்குப் பெரிய தேவை எழவில்லை. அக்குழுவில் ஆடிய டேவ் ஆர்ன்சன் தம்முடைய ‘பிளாக்மூர்’ தொடரை உருவாக்கினார். அதில் ஆட்டக்காரர்கள் மெல்ல மெல்ல ஒரே அணியாகி நிலவறைகளுக்குள் இறங்கினர். ஊரில் காலியான இருக்கைகள் நடத்துநரின் கைக்கு வந்தன.

ஆர்ன்சனும் கேரி கைகாக்ஸும் எழுதி, விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவில் இயங்கிய டி.எஸ்.ஆர். நிறுவனம் 1974-இல் வெளியிட்ட முதல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மூன்று சிறு நூல்களால் ஆனது. அதில் என்.பி.சி. பற்றிய பகுதியின் முதன்மை அக்கறை வேலைக்கு ஆள் சேர்ப்பது. ஒரு பாத்திரம் எத்தனை பேரைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம் என்பதை அதன் கவர்ச்சிப் பண்பு நிர்ணயித்தது. 18 என்ற உச்ச மதிப்பு பெற்றவர் 12 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். வேலைக்கு அழைக்கப்பட்டவரின் மறுமொழியை இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை முடிவு செய்தது. 2 விழுந்தால் அவர் தாக்க முனைவார். 12 விழுந்தால் மிகுந்த விசுவாசத்தோடு சேர்வார். 1981-இல் டாம் மோல்ட்வே தொகுத்த அடிப்படைப் பதிப்பு இதே பாணியில் மனவுறுதி எண்ணையும் விளக்கியது. கூட்டத்தில் முதல் ஆள் விழும்போதும், பாதிப்பேர் விழும்போதும் பகடை உருட்டி, எஞ்சியோர் நிற்பார்களா ஓடுவார்களா என்று முடிவு செய்யலாம்.

இந்தத் தொடக்கநிலை விடையைக் கலப்பு நிலை எனலாம். பேர்பெற்ற எதிரிகளுக்கு ஆட்டக்காரருக்குரிய வகுப்பும் நிலையும் உண்டு. சாதாரண மனிதருக்கு வகுப்பே இல்லை. 1977-ஆம் ஆண்டின் ‘மான்ஸ்டர் மானுவல்’ கொள்ளையர், கடற்கொள்ளையர், வணிகர், யாத்ரீகர் ஆகிய மனிதக் கூட்டங்களை அரக்கர்களோடு சேர்த்து ஒரே நூலில் வரிசைப்படுத்தியது. 1979-இல் கைகாக்ஸ் எழுதிய ‘டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடு’, தோற்றம், அறிவு, நேர்மை, துணிவு, சிக்கனம், பக்தி, சேகரிக்கும் பொருள் வரை என்.பி.சி.யின் குணங்களைப் பகடையால் பெறும் நீண்ட அட்டவணைகளைத் தந்தது.

இவ்வணுகுமுறையின் வலிமை வேகம். நடத்துநர் எதிர்பாராத ஓர் ஆளைச் சில பகடை வீச்சுகளில் மேசைக்குக் கொண்டுவரலாம்; அவரது முடிவு நடத்துநரின் விருப்பு வெறுப்பைச் சார்ந்திராது. சீரின்மை அதன் பலவீனம். அதே காலத்தின் இரண்டு சாகச ஏடுகளில் இது தெளிவாகத் தெரிகிறது. கைகாக்ஸ் எழுதிய ‘தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்’ ஏட்டில் கோட்டைவாசிகளுக்குப் பதவியும் எண்களும் உண்டு, பெயர் இல்லை. அவரே 1979-இல் வெளியிட்ட ‘தி வில்லேஜ் ஆஃப் ஹாம்லெட்’ ஏட்டில் முக்கியமானோர் பெயரும் சார்பும் இரகசியமும் கொண்டு வாழ்கிறார்கள். என்.பி.சி.யிடம் குறைந்தபட்சம் எவையெல்லாம் இருக்க வேண்டும் என்பதை விதிநூல் சொல்லாததால், எழுதுபவரின் நோக்கமே அதைத் தீர்மானித்தது.

முதல் நிலைப்பாடு: எல்லாருக்கும் ஒரே விதி

ஒரே உலகில் வாழ்வோர் ஒரே விதிக்கு உட்பட வேண்டும் என்ற நிலைப்பாட்டுக்கு முதல் வலுவான வடிவம் 1978-இல் வெளிவந்த ‘ரூன்குவெஸ்ட்’. ஸ்டீவ் பெரினும் கூட்டாளிகளும் விதிகளை எழுத, கிரெக் ஸ்டாஃபோர்டின் ‘குளோராந்தா’ உலகம் அதற்குக் களமானது. வலிமை, உடலளவு, அறிவு போன்ற பண்புகளும், உடலின் எந்தப் பாகத்தில் அடி விழுந்தது என்ற கணக்கும், விழுக்காட்டில் குறிக்கப்படும் திறன்களும் மனிதருக்கும் டிரோலுக்கும் பொது. இதனால் எந்த எதிரியையும் ஓர் ஆட்டக்காரர் தம் பாத்திரமாக ஏற்க முடிந்தது. 1982-இல் வந்த ‘டிரோல்பேக்’ டிரோல்களுக்கு வரலாறும் உணவுமுறையும் சமூக அமைப்பும் தந்து அவர்களை ஒரு முழுச் சமுதாயமாக்கியது. 1986-இல் ஸ்டீவ் ஜாக்சன் வெளியிட்ட ‘கர்ப்ஸ்’, புள்ளிகளைச் செலவழித்துப் பண்புகளை வாங்கும் முறையை எல்லாப் பாத்திரங்களுக்கும் பொதுவாக்கியது.

‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இந்தப் பக்கம் முழுமையாகச் சாய்ந்தது 2000-இல். டி.எஸ்.ஆரை 1997-இல் வாங்கிய விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வெளியிட்ட மூன்றாம் பதிப்பை ஜோனத்தன் ட்வீட், மான்டி குக், ஸ்கிப் வில்லியம்ஸ் மூவரும் வடிவமைத்தனர். அரக்கர்களுக்கும் ஆறு பண்புகள், திறன்கள், சிறப்பாற்றல்கள் தரப்பட்டன. குடியானவர், கைவினைஞர், படைவீரர், பிரபு, ஊர்ப்பூசாரி என்ற ஐந்து வகுப்புகள் என்.பி.சி.க்களுக்கென்றே வந்தன. இவை ஆட்டக்காரரின் வகுப்புகளைவிட வலு குறைந்தவை. ஆனால் அதே இலக்கணத்தில் எழுதப்பட்டவை.

இந்நிலைப்பாட்டுக்கு ஆதரவான வாதம் நியாயத்தைப் பற்றியது. எதிரி செய்யும் வித்தையைத் தானும் கற்கலாம் என்று ஆட்டக்காரர் நம்பலாம். எதிரி மந்திரவாதியின் புத்தகத்தில் எவை இருக்கும், அவரிடம் எத்தனை மந்திரங்கள் மிஞ்சியிருக்கும் என்று ஊகித்துத் திட்டமிடலாம். நடத்துநரும் தாம் விரும்பிய எண்ணைத் திணிக்காமல் விதியின் விளைவை ஏற்கிறார்.

ஆனால் முழுச் சமச்சீரின் விலை சிறு பாத்திரங்களில்தான் வெளிப்பட்டது. மூன்றாம் பதிப்பில் ஒரு திறனில் பெறக்கூடிய உச்ச அளவு, பாத்திரத்தின் நிலையோடு மூன்றைக் கூட்டினால் வரும் எண். ஆகவே தேசம் போற்றும் கொல்லர் ஒருவருக்கு 13 அளவு திறன் வேண்டுமென்றால் அவர் 10-ஆம் நிலைக் கைவினைஞராக இருந்தாக வேண்டும். நிலை உயர்ந்தால் உயிர்ப்புள்ளிக்கான பகடைகளும் பத்தாகும். அடிப்படைத் தாக்குதல் எண் +7 ஆகும். முதல் நிலைக் காவலருக்கு அது +1 மட்டுமே. வாழ்நாள் முழுதும் பட்டறையை விட்டு நகராத முதியவர், ஊர்க்காவலர் பலரைத் தனியே வீழ்த்தக்கூடியவராகிறார். உலகின் ஒழுங்கைக் காக்க வந்த விதியே அந்த ஒழுங்கைக் குலைக்கும் இடம் இது.

மற்றொரு விலை நேரம். உயர்நிலை எதிரி ஒருவருக்குத் திறன்புள்ளிகள், சிறப்பாற்றல்கள், மந்திரப் பட்டியல், ஆயுதங்கள் அனைத்தையும் கணக்கிட வேண்டும். சில சுற்றுகளே நீடிக்கும் சண்டையில் அவற்றில் பெரும்பகுதி மேசைக்கே வராமல் போகும். இம்மரபைத் தொடர்ந்த ‘பாத்ஃபைண்டர்’ ஆட்டத்துக்காகப் பைசோ நிறுவனம் 2012-இல் ‘என்.பி.சி. கோடெக்ஸ்’ என்ற ஆயத்தக் குறிப்புகளின் தொகுதியை வெளியிட்டது. ஒரே விதியால் ஆக்குவது சாத்தியம் என்றாலும், அதை ஒவ்வொரு வாரமும் செய்வது பலருக்குச் சுமை என்பதற்கு அத்தகைய நூலின் தேவையே ஓரளவு சான்று.

இரண்டாம் நிலைப்பாடு: வேலைக்கேற்ற எண்

எதிர்நிலைப்பாடு நேராகவே சொல்கிறது: என்.பி.சி. ஒரு வாழ்க்கை வரலாறு அன்று. மேசையில் ஒரு வேலையைச் செய்ய வருபவர். அந்த வேலைக்கு வேண்டிய எண்கள் மட்டும் போதும். 2008-இல் வந்த நான்காம் பதிப்பு இதை முறைப்படுத்தியது. எதிரிகள் சண்டையில் ஆற்றும் பங்கால் வகைப்பட்டனர்: முன்நின்று தாங்குபவர், பலமாக அடிப்பவர், தொலைவிலிருந்து எய்பவர், மறைந்து தாக்குபவர் என்றவாறு. பங்கும் நிலையும் தெரிந்தால் எண்கள் அட்டவணையிலிருந்து கிடைத்தன. ‘மினியன்’ எனப்பட்ட அடியாட்களுக்கு உயிர்ப்புள்ளி ஒன்றே. தனித்து நின்று முழு அணியையும் எதிர்க்கும் ‘சோலோ’ வகை எதிரி ஐந்து சாதாரண எதிரிகளுக்கு ஈடாகக் கணக்கிடப்பட்டார்.

தயாரிப்பு நேரம் வெகுவாகக் குறைந்தது; சண்டைகளின் கடுமையை முன்கூட்டி மதிப்பிடுவது எளிதானது. எனினும் அந்த ஆண்டின் ‘மான்ஸ்டர் மானுவல்’ நூலிலேயே கண்டனத்துக்கான உதாரணம் இருந்தது. 8-ஆம் நிலை ஓகர் ஒருவனுக்கு நூற்றுக்கு மேல் உயிர்ப்புள்ளி; 11-ஆம் நிலையில் அடியாளாக வரும் ஓகருக்கு ஒன்றே ஒன்று. எண்கள் எதிரியின் உடலைக் குறிக்கவில்லை, ஆட்டக்காரரோடு அவனுக்குள்ள ஒப்பீட்டைக் குறிக்கின்றன என்பதே ஆதரவாளரின் பதில். அந்தப் பதில் தர்க்கரீதியாகச் சரியானது. ஆனால் அடியாள் ஓகர் படிக்கட்டில் தவறி விழுந்தால் என்ன ஆகும் என்று ஆட்டக்காரர் கேட்கும் நொடியில், சண்டைக்காக எழுதிய எண் உலகத்துக்கும் பொருந்தியாக வேண்டிய கட்டாயம் வந்துவிடுகிறது.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு நடுவழியை நாடியது. ‘மான்ஸ்டர் மானுவல்’ பின்னிணைப்பில் குடியானவர் முதல் பெருமந்திரவாதி வரை பொதுவான என்.பி.சி. குறிப்புகள் தரப்பட்டன. குடியானவருக்கு ஆறு பண்புகளும் 10, உயிர்ப்புள்ளி 4. பெருமந்திரவாதி 18-ஆம் நிலை மந்திர ஆற்றல் உடையவர். ஆயினும் ஆட்டக்காரரின் மந்திரவாதி வகுப்புக்குரிய எல்லாச் சலுகைகளும் அவருக்கு இல்லை. தனிப்பயன் என்.பி.சி. வேண்டுவோருக்கு அதே ஆண்டின் நடத்துநர் கையேடு மூன்று வழிகளைக் காட்டியது. இருக்கும் குறிப்பொன்றில் ஆயுதத்தையோ மந்திரத்தையோ மாற்றலாம். வகுப்பும் நிலையும் தந்து முழுமையாக ஆக்கலாம். அல்லது புதிதாக எண்களை எழுதி, தாங்கும் திறன் ஒன்றும் தாக்கும் திறன் ஒன்றுமாக மதிப்பிட்டு, இரண்டின் சராசரியைச் சவால் மதிப்பாகக் கொள்ளலாம்.

இரண்டாம் வழியில் ஒரு மறைமுகச் சிக்கல் உண்டு. இப்பதிப்பில் ஆட்டக்காரரின் பாத்திரங்கள் தம் ஆற்றலை நாள் முழுதும் பல மோதல்களுக்குப் பங்கிட்டுச் செலவழிக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. அந்த ஆற்றல் முழுவதையும் ஒரே சண்டையில் கொட்டக்கூடிய என்.பி.சி. கடுமையாக அடிப்பார், ஆனால் அதே சவால் மதிப்புள்ள அரக்கரைவிட விரைவில் விழுந்துவிடுவார். ஆகவே அனுபவமுள்ள நடத்துநர்கள் முதல் வழியையே பரிந்துரைப்பது வழக்கம். மைக் ஷீ 2018-இல் எழுதிய ‘ரிட்டர்ன் ஆஃப் தி லேசி டஞ்சன் மாஸ்டர்’ முன்வைக்கும் குறைந்த தயாரிப்பு என்ற கொள்கையும் இந்தத் திசையிலேயே செல்கிறது.

2022-இல் ‘மான்ஸ்டர்ஸ் ஆஃப் தி மல்டிவர்ஸ்’ இன்னும் ஓரடி வைத்தது. 2016-இல் வெளிவந்த ‘வோலோஸ் கைடு’ நூலின் மந்திரவாதிகள் இதில் சுருக்கப்பட்டனர். நீண்ட மந்திரப் பட்டியலுக்குப் பதில் நாளுக்கு இத்தனை முறை என்ற சில மந்திரங்களும், மந்திரமாகக் கணக்கில் வராத ஒரு மாயத் தாக்குதலும் தரப்பட்டன. நடத்துநருக்கு இது பெரும் வசதி. ஆனால் எதிரியின் மந்திரத்தைத் தடுக்கவென்றே ஒரு மந்திரத்தைக் கற்ற ஆட்டக்காரரின் முதலீடு இங்கே பலனற்றுப்போகிறது. சமச்சீர் விதி தந்த நியாய உணர்வு என்பது வெறும் பழமைப்பற்று அன்று என்பதை இந்த எதிர்ப்பு காட்டுகிறது.

மூன்றாம் நிலைப்பாடு: எண்ணைவிட விருப்பமே முதன்மை

மேற்கண்ட இரு தரப்பும் எண்களைப் பற்றியே வாதிட்டன. மூன்றாவது தரப்பு, என்.பி.சி.யை என்.பி.சி.யாக்குவது அவரது விருப்பமே என்கிறது. இதற்குள்ளும் பல கிளைகள் உண்டு.

குணத்தையே விதியாக்குவது ஒரு கிளை. ஸ்டாஃபோர்டின் ‘பென்டிராகன்’ (1985) ஆர்தர் அரசர் காலத்து வீரர்களுக்கு 13 குணச் சோடிகளைத் தந்தது. இரக்கமும் கொடுமையும், நம்பிக்கையும் சந்தேகமும் என ஒவ்வொரு சோடியின் கூட்டுத்தொகையும் 20. ஒருவருக்கு இரக்கம் 16 என்றால் கொடுமை 4. இருபது முகப் பகடையை உருட்டி அந்த நேரத்தில் அவர் எப்படி நடப்பார் என்று அறியலாம். நடத்துநரின் பிரபுவும் ஆட்டக்காரரின் வீரரும் இதே அளவுகோலால் அளக்கப்பட்டனர். பகடை ஒருவரைத் தன் நோக்கத்துக்கு எதிராக நடக்கவைக்கும்போது கதை சுவைபெறலாம், நடத்துநருக்கு என்.பி.சி.யின் அகம் கைநழுவுவதாகவும் தோன்றலாம்.

சுருக்கமான ஒற்றை உந்துதல் இன்னொரு கிளை. 2012-இல் வந்த ‘டஞ்சன் வேர்ல்ட்’ ஆட்டத்தில் நடத்துநர் தாக்குதலுக்காகப் பகடை உருட்டுவதே இல்லை. விளைவுகள் பெரும்பாலும் ஆட்டக்காரரின் பகடையிலிருந்து வருகின்றன. எதிரிக்குச் சில எண்களோடு ஓர் இயல்புந்துதலும் சில நகர்வுகளும் போதும். பெரிய எதிரிகள் தடுக்கப்படாவிட்டால் படிப்படியாக என்ன நடக்கும் என்ற பட்டியலும் தயாரிக்கப்படுகிறது. இதனால் என்.பி.சி. ஆட்டக்காரர்கள் வரும்வரை காத்திருக்கும் பொம்மையாக இராமல், தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆளாகிறார்.

இதன் முன்னோடியை 1983-இல் டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் எழுதிய ‘ரேவன்லாஃப்ட்’ சாகச ஏட்டில் காணலாம். அதன் இரத்தக்காட்டேரிப் பிரபு ஸ்ட்ராட், கடைசி அறையில் அமர்ந்து காத்திருப்பவனல்லன், கோட்டைக்குள் நடமாடுபவன். அவனது உள்நோக்கம் எது என்பதையே குறிசொல்லும் சீட்டுகள் ஒவ்வோர் ஆட்டத்திலும் மாற்றியமைக்கின்றன. எண்ணளவிலும் அவன் ஒரு கலவை: அரக்கர் குறிப்போடு 10-ஆம் நிலை மந்திரவாதியின் ஆற்றலும் சேர்ந்தவன். இவ்விரண்டில் அவனை நினைவில் நிறுத்தியது அவன் நோக்கமே என்று கருத இடமுண்டு.

மேசையில் அந்த ஆளை எப்படி நடிப்பது என்பது மூன்றாம் கிளை. ஐந்தாம் பதிப்பின் கையேடு தோற்றம், பழக்கவழக்கம், பேசும் பாங்கு, இலட்சியம், பிணைப்பு, குறைபாடு என்று அட்டவணைகள் தருகிறது. இவை 1979-இன் அட்டவணைகளுடைய நேர் வாரிசுகள். ஜஸ்டின் அலெக்சாண்டர் முன்வைத்த குறிப்பு வடிவம், பின்னணி வரலாற்றையும் நடிப்புக்குறிப்பையும் வெவ்வேறு பகுதிகளாகப் பிரிக்கிறது. ஆட்டத்தின் நடுவே நடத்துநரின் கண்ணுக்கு உடனே தேவைப்படுவது பிந்தியதே என்பது அதன் அடிப்படை. ராபின் லாஸ் 2013-இல் வெளியிட்ட ‘ஹில்ஃபோக்’ ஒவ்வொரு நாடகக் காட்சியையும் கேட்பவர், கொடுப்பவர் என்ற இருவருக்கிடையிலான பரிமாற்றமாகப் பார்க்கிறது. இந்தப் பார்வையில் ஓர் என்.பி.சி.க்கு முதலில் வேண்டியது அவர் எதைக் கேட்கிறார், எதைத் தர மறுக்கிறார் என்பதே.

இத்தரப்பின் பலவீனங்கள் இரண்டு. பகடையால் சேர்க்கப்பட்ட குணங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கலாம்: விக்கிப் பேசுவதும் நாணயத்தைச் சுழற்றுவதும் ஒரு மனிதரைத் தாமாக உருவாக்கிவிடுவதில்லை. மேலும் விருப்பம் மட்டும் எழுதப்பட்ட என்.பி.சி.யைக் கோபமுற்ற ஆட்டக்காரர் வாளால் வெட்டும்போது, எண்கள் இல்லாத குறை உடனே தெரிந்துவிடுகிறது. எண்களுக்கு முக்கியத்துவம் குறைந்த ஆட்டங்களில் இது பெரிய இடர் அன்று. சண்டையை மையமாகக் கொண்ட ஆட்டங்களில் இது புறக்கணிக்க இயலாதது.

ஆக்குபவர் யார்?

என்.பி.சி.யை நடத்துநர்தான் ஆக்க வேண்டும் என்பதும் மறுபரிசீலனைக்கு உள்ளானது. ட்வீட்டும் மார்க் ரைன்-ஹேகனும் 1987-இல் வெளியிட்ட ‘ஆர்ஸ் மாஜிகா’வில் மந்திரவாதிகளின் காவலாட்கள் எவருக்கும் தனிச்சொத்து அல்லர். அன்றைய கதைக்கேற்ப எந்த ஆட்டக்காரரும் அவர்களை ஏற்கலாம். நடத்துநர் பொறுப்பும் கைமாறலாம். லூக் கிரேனின் ‘பர்னிங் வீல்’ ஆட்டத்தில் தமக்குத் தெரிந்த ஓர் ஆள் இந்த ஊரில் இருக்கிறார் என்று ஆட்டக்காரரே முன்மொழிந்து பகடை உருட்டலாம். வென்றால் அந்த ஆள் கிடைப்பார். தோற்றால் அதே ஆளைப் பகைவராகக் கொண்டுவரும் உரிமை நடத்துநருக்கு உண்டு.

இத்தகைய முறைகள் நடத்துநரின் சுமையைப் பகிர்கின்றன. ஊரோடு ஆட்டக்காரருக்கு உறவை ஏற்படுத்துகின்றன. துப்பறிதலையோ துரோகத்தையோ மையமாகக் கொண்ட கதைகளில் மட்டும் இவை தடுமாறக்கூடும். தாமே கூடி உருவாக்கிய ஒருவரின் இரகசியத்தைத் தாமே கண்டுபிடித்து வியப்பது கடினம்.

வார்ப்புரு பற்றிய சர்ச்சை

விரைவாக ஆக்குவதற்கு வார்ப்புரு உதவும். ஆனால் வார்ப்புரு இனத்தோடு பிணைந்தபோது விமர்சனம் எழுந்தது. ஓர்க்குகள் பிறவியிலேயே கொடியவர், டிரோ என்னும் கருநிற எல்ஃபுகள் வஞ்சகர் என்ற நீண்டகாலச் சித்திரிப்புகள் நிஜ உலக இனவாதப் பேச்சை ஒத்திருக்கின்றன என்று பலர் சுட்டினர். 2020 ஜூனில் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் இச்சித்திரிப்புகளை மாற்றப்போவதாக அறிவித்தது. 2024-இன் ஆட்டக்காரர் நூலில் ஓர்க், ஆட்டக்காரர் ஏற்கும் இனங்களுள் ஒன்றானது. 2025-இன் ‘மான்ஸ்டர் மானுவல்’ ஓர்க்குகளுக்குத் தனிக் குறிப்பு தராமல், எந்த இனத்தவருக்கும் பொருந்தும் தொழில்சார்ந்த என்.பி.சி. குறிப்புகளை முன்வைத்தது.

ஆதரிப்போர் இதை என்.பி.சி.யை இனத்திலிருந்து விடுவித்துத் தொழிலையும் சூழலையும் கொண்டு ஆக்கும் முயற்சியாகக் காண்கின்றனர். எதிர்ப்போர், வெவ்வேறு சமுதாயங்களின் தனித்தன்மை கரைந்து எல்லாரும் ஒரே முகமாகிவிடுவர் என்கின்றனர். 1982-இன் ‘டிரோல்பேக்’ இவ்விரு அச்சங்களுக்கும் ஒரு பதிலைக் குறிப்பால் உணர்த்துகிறது. தனித்தன்மைக்குப் பிறவிக்குணம் தேவையில்லை, வரலாறும் வழக்கமும் போதும். ஆனால் அதற்கு வேண்டிய பக்கங்களும் உழைப்பும் அதிகம்.

கடக்கும் இடம்: பகைவர் துணையாகும்போது

மேற்கண்ட முறைகளில் பெரும்பாலானவை, என்.பி.சி. தனக்கென ஒதுக்கப்பட்ட இடத்திலேயே இருக்கும்வரை செம்மையாக இயங்குகின்றன. அவர் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கடக்கும்போதுதான் முறையின் உறுதி சோதிக்கப்படுகிறது. சிறைபிடிக்கப்பட்ட பகைவர் அணியில் சேர்வதும், சத்திரக்காரர் வாளெடுப்பதும், அடியாள் பெயர்பெற்ற நண்பராவதும் நீண்ட தொடர்களில் அடிக்கடி நிகழ்பவை.

2014-இன் ‘வெட்டரன்’ என்னும் முதுவீரர் குறிப்பை எடுத்துக்கொள்ளலாம். சவால் மதிப்பு 3, உயிர்ப்புள்ளி 58. சராசரிக் கணக்கில் 3-ஆம் நிலைப் போர்வீரர் ஒருவருக்கு 28 உயிர்ப்புள்ளிதான் இருக்கும். எதிரியாக நிற்கும்வரை இந்த வேறுபாடு நியாயமே. அவர் நான்கைந்து பேரின் அடியைத் தாங்க வேண்டியவர். அவரே கூட்டாளியானால் அணியின் நாயகர்களைவிட இருமடங்கு உறுதியானவராகிவிடுகிறார். எண்களைக் குறைத்தால் நேற்று வரை அவ்வளவு அடி தாங்கியவர் இன்று ஏன் தளர்ந்தார் என்பதற்கு உலகத்துக்குள் காரணம் இல்லை.

2020-இன் ‘டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்’ துணையாட்களுக்கென வீரர், மந்திரக்காரர், நிபுணர் என்ற மூன்று எளிய வகுப்புகளைத் தந்தது. அரை அளவோ அதற்குக் குறைவோ சவால் மதிப்புள்ள உயிரினமே இதற்குத் தகுதி. சிறிய என்.பி.சி. துணையாக வளர இது நல்ல பாலம். மேற்சொன்ன முதுவீரர் அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறார். ‘ரூன்குவெஸ்ட்’ முறையில் இச்சிக்கல் எழுவதே இல்லை. அங்கே கடக்க வேண்டிய எல்லையே வரையப்படவில்லை. அதற்கு ஈடாக, ஒவ்வொரு சாதாரண எதிரிக்கும் உடற்பாகக் கணக்கு வைக்கும் உழைப்பை நடத்துநர் ஏற்கிறார்.

மதிப்பீடு

ஐம்பது ஆண்டு விவாதத்தில் சில முடிவுகள் ஓரளவு நிலைபெற்றுள்ளன. ஒரு காட்சிக்கு மட்டும் வரும் என்.பி.சி.க்கு முழு விதி தேவையில்லை என்பதில் இன்று பரவலான உடன்பாடு காணப்படுகிறது. மூன்றாம் பதிப்பிலிருந்து நான்காம், ஐந்தாம் பதிப்புகளுக்கு வந்த மாற்றமும், குறைந்த தயாரிப்பை வலியுறுத்தும் நூல்களும் இதையே காட்டுகின்றன. எண்குறிப்பு எவ்வளவு விரிவானது என்பதும் அந்த ஆள் எவ்வளவு நினைவில் நிற்பார் என்பதும் வெவ்வேறு விஷயங்கள் என்பதும் தெளிவாகியுள்ளது. ஒற்றை விருப்பமும் ஒற்றை மறுப்பும் கொண்ட என்.பி.சி. கணக்கில் பிழையற்ற என்.பி.சி.யைவிட மேசையில் அதிகம் பயன்படக்கூடும்.

அதே சமயம், சமச்சீர் விதியின் ஆதரவாளர்கள் எழுப்பிய கேள்வி தீர்க்கப்படவில்லை, தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. எதிரி எந்த விதியால் இதைச் செய்தார் என்று ஆட்டக்காரர் கேட்கும் உரிமையை எந்த அளவுக்கு மதிப்பது என்பதில் பதிப்புகள் மாறி மாறி முடிவெடுத்துள்ளன. துணையாள் வகுப்பு போன்ற பாலங்கள் ஒரு திசையில், ஓர் எல்லைவரை மட்டுமே உதவுகின்றன. நடத்துநரின் வசதியையும் ஆட்டக்காரரின் நியாய உணர்வையும் ஒருசேர நிறைவு செய்யும் முறை உண்டா என்பது திறந்தே உள்ளது.

இன்று கணினி மொழிமாதிரிகள் சில நொடிகளில் பெயரும் பின்னணியும் எண்களும் கொண்ட என்.பி.சி.யை எழுதித்தருகின்றன. தயாரிப்பு நேரம் என்ற வாதத்தின் எடையை இது குறைக்கலாம். முழு விதிப்படி ஆக்குவது மீண்டும் கட்டுப்படியாகும் வேலையாகலாம். ஆனால் ஆக்கும் நேரம் குறைந்தாலும், நீண்ட எண்குறிப்பை ஆட்டத்தின் நடுவே படித்து நடத்தும் சுமை அப்படியே இருக்கும். எனவே எந்தப் பாத்திரம் எல்லை கடக்க வாய்ப்புள்ளது என்பதை முன்கூட்டி ஊகித்து, அதற்கு மட்டும் ஆட்டக்காரருக்குரிய விதியையும் மற்றவற்றுக்குச் சுருக்கக் குறிப்பையும் தரும் கலப்பு முறையே இப்போதைக்கு நடைமுறைக்கு ஏற்றதாகத் தெரிகிறது. அந்த ஊகம் தவறும் சந்தர்ப்பங்களுக்கு எந்தப் பதிப்பும் இன்னும் நிறைவான விதி தரவில்லை. அங்கே முடிவு அந்தந்த மேசையின் உடன்பாட்டையே சார்ந்திருக்கிறது.